ஐந்நூறு பஸ்கியும் ஒரு டம்ளர் இளநீரும்

“9.6.96, ஞாயிறு. காலை எடை 81. பஸ்கி 500. கால் நடுங்குகிறது. பரவாயில்லை. நாளை 600.”

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. மறுநாள் அறுநூறு நடக்கவில்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு ஒன்றுகூட நடக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே ஒரு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டு கழித்து, 1999 ஜூனில் இதை எழுதுகிறேன். திடீரென்று ஒருநாள் உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வீடு சூலூரில். அப்பா அங்கே ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. எனக்குக் கோவையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் வேலை. பாலிடெக்னிக்கில் படித்தபோது கபடி அணியில் இருந்தேன், எடை 62. பிறகு நாலு வருடம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து கோடு போட்டேன். கம்பெனி வாசலிலேயே பேக்கரி. காலையில் தேங்காய் பன், மாலையில் பப்ஸ். 19 கிலோ எப்படி ஏறியது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அந்த மே மாதம் ஊர் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், கபடி. பழைய ஆட்டக்காரன் என்று என்னையும் இறக்கினார்கள். பாடிக்கொண்டு எதிர்க் கோட்டுக்குள் போனேன். யாரையும் தொடுவதற்கு முன்பே மூச்சு போய்விட்டது. எதிரணியில் ஒருவர் என்னைப் பிடிக்கக்கூட இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் ஆட்களைப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க, அம்மிக்கல்லை உருட்டி உட்டுப்போட்டீங்களே, இதைப் புடிக்கோணுமா, தூக்கோணுமா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது மறந்துபோனது. அப்பா சிரித்தது மறக்கவில்லை.

என்னோடு வேலை செய்த ரஃபீக்குக்கு வீடு கோவைக் கோட்டைமேட்டில். அவர்கள் தெருவில் தகரக் கொட்டகை போட்ட ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. ஜூன் 9 ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய்ச் சேர்ந்தேன். கூடத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “முதல் நாள் இருபது பஸ்கி போதும் தம்பி. ஒரு வாரம் கழிச்சு முப்பது” என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கைகளை முன்னால் நீட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவதுதான் பஸ்கி. ரஃபீக் எண்ணினான். நூறில் தொடை எரிந்தது. இருநூறில் எரிச்சல் நின்று மரத்துப்போனது. மரத்துப்போனதை நான் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

“முந்நூறு. போதும், நிறுத்துடா மாப்ள.”

“நீ எண்ணு.”

“எனக்கே கால் வலிக்குதுடா.”

“எண்ணுடா!”

ஐந்நூறு வரைக்கும் எண்ணினான். சூலூரில் பஸ்ஸிலிருந்து இறங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன். கண்டக்டர், “ஏறும்போது நல்லாத்தானுங்களே இருந்தீங்க?” என்று கைகொடுத்து இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை தொடை இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கி இறுகிக் கிடந்தன. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துப் போனேன். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. நாட்குறிப்பில், “மூத்திரம் கருப்பு. உடற்பயிற்சியில் அழுக்கெல்லாம் வெளியேறுகிறது போலும்” என்று எழுதியிருக்கிறேன். கண்டதையெல்லாம் படிக்கிறவன் நான். படிப்பு அன்றைக்கு இந்த லட்சணத்தில் உதவியது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “சூடு” என்றாள். அப்பாவும் சூடு என்றார். பக்கத்து வீட்டில் கேட்டாலும் சூடு, மருந்துக் கடையில் கேட்டாலும் சூடு. எங்கள் பக்கத்தில் கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, மூத்திரம் நிறம் மாறினால் கேட்கவே வேண்டாம். தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் வைத்தார்கள். அடுத்த வைத்தியமும் வீட்டிலேயே தயாராக இருந்தது. என் அக்கா சுமதியை ஆனைமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சானுக்குத் தென்னந்தோப்பு. ஒரு விசேஷத்துக்காகச் சூலூர் வந்திருந்த அக்கா, வழக்கம்போல அரை மூட்டை இளநீர் கொண்டுவந்திருந்தாள்.

“குடி கண்ணு. நாலு எளநி உள்ள போனா எல்லாச் சூடும் எறங்கிரும்.”

திங்கள் மாலை இரண்டு. செவ்வாய் நான்கு. அக்கா கையாலேயே சீவிக் கொடுத்தாள். புதன் அதிகாலை பஸ்ஸில் அவள் ஆனைமலைக்குத் திரும்பிப் போனாள். பையனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அவள் போன இரண்டு மணி நேரத்தில் நான் வாந்தி எடுக்கத் தொடங்கினேன். செவ்வாய் மதியத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளூர் டாக்டர் என் தொடையை அழுத்திப் பார்த்தார், கதையைக் கேட்டார், மருந்து எழுதவில்லை. ஒரு கடிதம் எழுதி அப்பாவிடம் கொடுத்து, “பஸ்ஸுக்கு நிக்காதீங்க. காரைப் புடிச்சு இப்பவே கோயமுத்தூர் போங்க” என்றார்.

12.6.96, புதன், காலை 10.40. சேர்க்கை நேரம். இது சம்மரியில் உள்ளது.

கால் வலிக்கு வந்தவனுக்கு முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். நான், “இதயத்துல ஒண்ணும் இல்லைங்க, தொடையிலதானுங்க” என்றேன். எடுத்த பெண் சிரிக்காமல், “இருக்கட்டுங்க” என்றாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். பிறகு நீலநிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள் உள்ள கூடத்தில் காத்திருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொருவர் கையிலும் தடித்த ஃபைல். நம்மிடம் ஒற்றைக் காகிதம்தானே இருக்கிறது என்று ஒரு நிம்மதி. ஒரு மணி நேரத்தில் அந்த நிம்மதியும் போனது.

சிறுநீரக மருத்துவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாதவர்.

“பஸ்கி எத்தனை எடுத்தீங்க தம்பி?”

“ஐந்நூறுங்க.”

“எத்தனை நாள்ல?”

“ஒரே நாள்லங்க.”

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “அப்புறம் என்ன சாப்பிட்டீங்க?”

“ஆறு எளநிங்க” என்று அம்மா பெருமையோடு சொன்னாள்.

அவர் எங்களுக்குச் சொன்னதை, நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் அது வலிப்பதோடு நிற்பதில்லை, உடைகிறது. உடைந்த தசையிலிருந்து செந்நிறச் சத்து ஒன்று ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தில் அது போய் அடைத்துக்கொள்கிறது. கருப்பட்டி நிறம் அதனால்தான். இதற்கு ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். நான்கு நாள் பழகிய பிறகுதான் தடுக்காமல் சொல்ல முடிந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் கழிவு ரத்தத்திலேயே தங்கும். கிரியாட்டினின் என்ற அளவு அதைக் காட்டும். ஒன்றையொட்டி இருக்க வேண்டியது எனக்கு 6.1. இதைவிட அவசரமானது பொட்டாசியம். ஐந்துக்குள் இருக்க வேண்டியது 6.4. கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும், நிற்கவும் நிற்கலாம். முதலில் இ.சி.ஜி. எடுத்ததன் காரணம் அதுதான். உடைந்த தசையும் பொட்டாசியத்தைக் கொட்டுகிறது. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய.

“நல்லா இருக்கறவங்களுக்கு எளநி அமுதங்க. சிறுநீரகம் வேலை செய்யாதவங்களுக்கு அப்படி இல்லை” என்றார்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை முதல் டயாலிசிஸ். கழுத்தடியில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு குழாயைச் செருகினார்கள். ரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வருகிறது. வலி இல்லை. குளிர்தான் அதிகம். சொந்த ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் கூரைத் தகடுகளை எண்ணினேன்: 84.

“இது திரும்பச் சரியாகுமுங்களா?” என்று அப்பா கேட்டார்.

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சிறுநீரகம் விழித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். சிலருக்கு விழிப்பதில்லை. அப்போது வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ், அல்லது வேறொருவரின் சிறுநீரகம். என்னுடையது எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்ல முடியாது. அளந்துகொண்டே இருப்பதுதான் வழி.

டாக்டர் வெளியே போனதும் அப்பா பின்னாலேயே போனார். கதவு சாத்தவில்லை. “ஏனுங்கம்மா, என்ற கிட்னி ஒத்துக்குமுங்களா? எனக்குச் சக்கரை கிக்கரை ஒண்ணும் இல்லைங்க. பீடிகூடக் குடிக்கறதில்லைங்க.” ஒரு மாதத்துக்கு முன் கபடிக் கோட்டுக்கு வெளியே நின்று சிரித்த அதே அப்பா.

மறுநாள் முதல் விதிகள். ஒரு நாளைக்குத் தண்ணீர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து 700 மில்லிக்கு மேல் கூடாது. இளநீர், பழம், பழச்சாறு எதுவும் கூடாது. காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் போக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். “சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதே” என்று அம்மா ஒவ்வொரு முறையும் புலம்பினாள். பார்க்க வருபவர்களோ வாழைப்பழமும் சாத்துக்குடியுமாகக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. கட்டிலடி பழக்கடை ஆனது. அப்பா அவற்றைப் பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இனி எழுதப்போவது டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாதது.

14 ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம். செய்தி கேட்டு அக்கா ஆனைமலையிலிருந்து வந்து சேர்ந்தாள். அம்மா சாப்பிடப் போயிருந்தாள், அப்பா மருந்து வாங்க. அறையில் நானும் அக்காவும் மட்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாகத்தைச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்தால் எனக்குத் தொண்டை அசையும். அக்கா பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்தாள்.

“தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்களாமா கண்ணு? உதடெல்லாம் பாரு, எப்படி வெடிச்சுக் கெடக்குது. இது தண்ணி இல்லடா, எளநி. பஸ்ஸுல ஆடாம அசையாம மடியில வெச்சுக் கொண்டாந்தேன்.”

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் விளக்கியபோது அவள் இல்லை. எனக்குச் சொல்லியிருந்தார்கள். எண்களோடு, காரணத்தோடு, இதயம் நிற்கலாம் என்பது வரைக்கும் சொல்லியிருந்தார்கள். நான் வாயைத் திறந்து “வேண்டாங்கா” என்று சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தேன், குடித்தேன். நாட்குறிப்பில் மூன்றே சொல்: “இளநீர், ஒரு டம்ளர்.”

சனிக்கிழமை காலை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.9. இ.சி.ஜி.யில் கூர்மையான மலைகள் எழுந்திருந்தன. நாலைந்து பேர் அறைக்குள் வந்தார்கள். ஏதோ ஊசி போட்டார்கள், சக்கர நாற்காலியில் டயாலிசிஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். போகும் வழியிலேயே டாக்டர் கேட்டார்: “நேத்து ஏதாவது சாப்பிட்டீங்களா? மறைக்காமச் சொல்லுங்க.”

நான் கூரையைப் பார்த்தேன். கூடவே வந்துகொண்டிருந்த அக்கா சொன்னாள்: “நான்தானுங்க எளநி குடுத்தேன். எனக்குத் தெரியாதுங்க.”

டாக்டர் அவளைத் திட்டவில்லை. “இனிமே வேண்டாம்மா” என்றார், அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. டயாலிசிஸ் முடிந்து நான் வெளியே வந்தபோது அக்கா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். “என்ற கையாலயே குடுத்துப்போட்டனே” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியுமே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் ஊருக்குப் போகவில்லை. எங்கள் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீடு கோவையிலேயே பீளமேட்டில் இருந்தது. அங்கே தங்கி, காய்களை வேகவைத்து, தண்ணீரை வடித்து, வடித்ததை மறுபடியும் வடித்துக் கொண்டுவந்தாள். உப்பும் சப்பும் இல்லாத அந்தச் சுரைக்காயை நான் முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். சுளிக்க எனக்கு முகம் இல்லை.

இனி எல்லாமே அளவுதான். கட்டிலடியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குடுவை. 24 மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் என்று நர்ஸ் அளந்து எழுதுவார். அப்பாவுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. வாழ்நாள் முழுக்கத் தறியில் மீட்டர் பார்த்தவர். காலையில் வந்ததும் நர்ஸிடம் தறிக்கூடத்துக் குரலிலேயே கேட்பார்:

“நேத்து புரொடக்சன் எத்தனைங்க அம்மணி?”

15 ஆம் தேதி 90 மில்லி. 18 இல் 140. அன்று மூன்றாவது டயாலிசிஸ். 21 இல் 310. ஞாயிறு 23 இல் 850. திங்கள் 24: இரண்டு லிட்டர் 300.

நர்ஸ் எண்ணைச் சொன்னதும் அப்பா வராந்தாவுக்கு ஓடினார். “சுமதி! டபுள் ஷிப்ட்டு ஓட்டிப்போட்டாண்டா உன்ற தம்பி!” என்று கத்தினார். வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குடுவை மூத்திரத்துக்காக ஒரு குடும்பமே அழுதுகொண்டு சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இது எழுந்திருச்சிருச்சு. இனி டயாலிசிஸ் தேவைப்படாது” என்றார். அப்பா கைகூப்பினார். “அப்ப என்ற கிட்னி அப்படியே இருக்கட்டுங்களா?” என்று கேட்டார். டாக்டர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

29 ஆம் தேதி சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லுக்கு அப்பாவின் தறி முதலாளியும் மச்சானும் கைகொடுத்தார்கள். அந்தப் பாரத்தை இறக்க இரண்டு வருடம் ஆனது. அது வேறு கதை.

எடை 68 ஆகியிருந்தது. நான் ஆசைப்பட்டதைவிட வேகமாகக் குறைந்துவிட்டது. ஆனால் தொடைகள் கொடிக்கம்பு மாதிரி இருந்தன. உடம்பைத் தேற்றுவது உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. ஜூலை முதல் வாரம் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை. மாதக் கடைசியில் குளத்துக்கரை வரை. ரஃபீக் ஞாயிறுதோறும் கோவையிலிருந்து வந்து கூடவே நடந்தான். ஐந்நூறை எண்ணிய குற்ற உணர்வு அவனுக்கு.

“இன்னிக்கு எத்தனை தப்படி நடக்கறோம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் இனிமே எதையும் எண்றதா இல்லை மாப்ள. நீயே எண்ணிக்க.”

ஆகஸ்ட் 14 புதன்கிழமைப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.1. அன்றுதான் டாக்டரைத் தனியாகக் கேட்டேன்: அந்தச் சனிக்கிழமை பொட்டாசியம் ஏறியது இளநீராலா?

“தசை உடையறது அப்ப முழுசா நிக்கலை. அதுலயே ஏறியிருக்கலாம். எளநியும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க.”

அக்காவிடம் இதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன். “டாக்டரே சொல்லிட்டாங்க, தசையாலதானாம்.” அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் தேங்காய் கொண்டுவந்தாள், மட்டை கொண்டுவந்தாள். ஒரு இளநீர்கூடக் கொண்டுவந்ததில்லை.

டிசம்பரில் டாக்டர் அனுமதித்த பிறகு பஸ்கியைத் தொடங்கினேன். முதல் நாள் ஐந்து. வாரத்துக்கு இரண்டு கூட்டினேன். 1997 பொங்கலுக்கு மறுநாள் ஊரில் மறுபடி கபடி. கடைசிப் பத்து நிமிடம் இறங்கினேன். பாடிப் போய் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அம்மிக்கல் என்று சொன்னவரும் அதில் ஒருவர். என்மேலிருந்து எழுந்தவர், “இப்பத்தானுங்க புடிக்கற மாதிரி இருக்கறீங்க” என்றார். அப்பா கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை, “கோட்டை விட்டு வெளிய வாடா, போதும்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஆனைமலைக்குப் போயிருந்தேன். நான் பிழைக்க வேண்டும் என்று அக்கா மாசாணியம்மனுக்கு நேர்ந்திருந்ததை அதுவரை முடிக்கவே இல்லை; அதை முடிக்க என்னை அழைத்துப் போனாள். கோயிலில், அநியாயம் செய்தவர்கள்மீது மிளகாய் அரைத்து அம்மனிடம் முறையிடும் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். மூன்று வருடமாகத் தொண்டையில் இருந்ததை அங்கேதான் சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தெரியும், டாக்டர் எல்லாம் சொல்லியிருந்தார், தெரிந்தேதான் குடித்தேன், நீ பழியை ஏற்றுக்கொண்டபோது கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்ப நான் யாரு மேலடா மொளகா அரைக்கறது? உன்ற மேலயா, எளநி மேலயா?”

“என் மேலயே அரைக்கா.”

“அரைக்கத்தான் போறேன். மூணு வருசமா ஒவ்வொரு எளநியையும் பார்த்துப் பயந்து செத்திருக்கறேன்.” முதுகில் ஒன்று வைத்தாள். நடந்து கடைத்தெருவுக்கு வந்த பிறகு, இளநீர் வண்டிக்கு முன்னால் நின்றாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று வெட்டச் சொன்னாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அன்னிக்கு ரெண்டு டம்ளரு குடிச்சே நீ.”

“ஒண்ணுதாங்கா. எழுதியே வெச்சிருக்கறேன்.”

“எழுதுனா? மொத டம்ளரு நான் குடுத்தேன். ரெண்டாவது, ‘அக்கா, இன்னும் இருக்குதா’ன்னு நீயா கேட்டு வாங்கிக் குடிச்சே.”

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 14.6.96, வெள்ளி. “இளநீர், ஒரு டம்ளர்.” கோணல் எழுத்து, ஆனால் ‘ஒரு’ என்பது தெளிவாக இருக்கிறது. மருத்துவமனைக் குறிப்பில் அளவு இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை. தூக்கின் கொள்ளளவை அளந்து பார்க்கலாம் என்று கேட்டேன், அது தொலைந்துவிட்டதாம். ஒன்று என்கிறது என் குறிப்பு, இரண்டு என்கிறாள் அக்கா. இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேனா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.